உத்தரம், விட்டம், கழுக்கோல்: என்ன வித்தியாசம்?

மூன்றும் கூரை மரம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். மரம் ஒன்றாக இருக்கலாம், வேலை வேறு.

எங்கள் குமரி மாவட்டத்து ஓட்டு வீடுகளில் சுவரின்மேல் நீளவாக்கில் கிடப்பது உத்தரம். கூரையின் பாரத்தை ஒரே இடத்தில் விழவிடாமல் சுவர் முழுக்கப் பரப்புவது அதுதான். எதிரெதிர்ச் சுவர்களைக் குறுக்கே இணைப்பது விட்டம். வேலையில்லாமல் படுத்துக் கிடப்பவன் பார்ப்பதும் இதைத்தான்!

முகட்டிலிருந்து சரிவாக இறங்கி உத்தரத்தில் உட்காருவது கழுக்கோல். மற்ற மாவட்டங்களில் இதைக் கைமரம் என்பார்கள். எங்கள் மாவட்டம் முதலில் திருவிதாங்கூரோடும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த மண்; மலையாளத்திலும் இது கழுக்கோல்தான். அதன்மேல் குறுக்கே அடிக்கும் மெல்லிய சட்டங்களில் ஓடு தொங்கும்.

தக்கலை பக்கம் வந்தால் பத்மநாபபுரம் அரண்மனையில், மச்சு (கூரைக்குக் கீழே அடிக்கும் பலகைத் தளம்) போடாத இடங்களில் அண்ணாந்து பாருங்கள். கான்கிரீட் வீட்டில் இதெல்லாம் ‘பீம்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிட்டது.