Re: திருச்சி–ராமேஸ்வரம் வழியில் அரை நாள், செட்டிநாட்டு வீட்டுக்குள் போக முடியுமா?

அப்பாவுக்கு முட்டிவலி, கையில் நாலு மணி நேரம், பார்க்க நினைப்பது கானாடுகாத்தான் அரண்மனை என்கிறீர்கள். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ராஜா சர் அண்ணாமலை செட்டியார் கட்டிய அந்த வீடு 1912-இல் முடிந்தது; குடும்பத்தின் வசம் இருப்பதால் வழக்கமாக உள்ளே விடுவதில்லை. தெருவில் நின்று முகப்பைப் பார்க்கக் கால் மணி நேரம் போதும். காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடும் வெளியே நின்று பார்ப்பதோடு சரி.

உள்ளே நடக்க, காரைக்குடி பக்கத்து ஊரான ஆத்தங்குடியின் பெரிய வீட்டுக்குப் போங்க. நுழைவுக் கட்டணம் உண்டு, சில்லறையாக வச்சுக்கோங்க. முகப்பு (வாசல் பக்கக் கூடம்), வளவு (தூண்கள் சூழ்ந்த முற்றம்), இரண்டாம் கட்டு (அதற்கடுத்த பகுதி), அடுப்படி என்று வீடு நேர்கோட்டில் போகும். அப்பாவை முகப்பிலேயே உட்கார வைத்தாலும் பாதி அழகு கிடைத்துவிடும்: அண்ணாந்து பார்த்தால் வண்ணம் தீட்டிய மரக்கூரை. தெருப்படியும் நிலைப்படியும் உயரம், கைப்பிடித்து ஏற்றுங்க. செருப்பைக் கழற்றச் சொன்னால் மத்தியானம் முற்றத்துத் தரை சுடும். காலையிலேயே போவது நல்லது.

மிச்ச நேரத்துக்குப் பக்கத்திலேயே டைல்ஸ் பட்டறை. கண்ணாடி மேல் அச்சு வைத்து வண்ணச் சிமென்ட் ஊற்றி, காய்ந்த மணல்–சிமென்ட் தூவி, ஈரக் கலவை போட்டு அமுக்குவார்கள். காய்ந்ததும் கண்ணாடி கழன்றுவிடும். பளபளப்பு அந்தக் கண்ணாடி தந்தது, பாலிஷ் இல்லை. வாங்கினால் டிக்கியில் படுக்கப் போடாதீங்க, விரிசல் விடும்; செங்குத்தாக நிறுத்தி, நடுவில் அட்டை வைங்க.