சிஸ்டரிடம் கேளுங்கள்: நோட்டும் கையுமாக ஒருவர் எதற்கு?

கேள்வி: என் அம்மாவுக்கு 82 வயது. கோவை அருகே ஒரு முதியோர் இல்லத்தில் படுத்த படுக்கையாக இருக்கிறார். மாதக் கட்டணத்தை உயர்த்தியபோது, தொற்றுத் தடுப்புக்கென்று தனியாக ஒரு நர்ஸ் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். நேரில் பார்த்தால் அவர் ஊசி போடுவதில்லை, மருந்து கொடுப்பதில்லை. நோட்டும் கையுமாக நடந்துகொண்டிருக்கிறார். இது வீண் செலவுதானே? – ஒரு வாசகர், திருப்பூர்

ஒன்பது ஆண்டுகள் அப்படி நோட்டும் கையுமாக நடந்தவள்தான் நானும். ஆயாக்கள் எனக்கு வைத்த பெயர் ‘கைகழுவு சிஸ்டர்’. அந்த நோட்டில் என்ன இருக்கும் என்று சொல்கிறேன், செலவு வீணா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஒரு மார்கழியில் 4ஆம் அறைப் பாட்டி இரவெல்லாம் சொறிகிறார் என்று எழுதினேன். பனிக்காலத்து வறட்சி என்று தேங்காய் எண்ணெய் தடவினார்கள். அடுத்த வாரம் 9ஆம் அறை. பிறகு 15. அடுத்தடுத்த அறைகளாக இருந்தால் வேறு விதமாக யோசித்திருப்பேன். இவை மூன்றும் மூன்று மூலையில் இருந்தன. ஆனால் மூன்று பேரையும் இரவில் புரட்டிப் படுக்க வைப்பவர் ஒரே ஆயா. அவரைத் தனியாக அழைத்துக் கையை நீட்டச் சொன்னேன். சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டார். கெஞ்சிய பிறகு நீட்டினார். விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் பொடிப்பொடியாகச் சிரங்கு. கூலி போய்விடும் என்ற பயத்தில் ஒரு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை.

சிரங்குப் பூச்சி முதன்முறை ஏறினால் அரிப்பு தெரியவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். அதற்குள் அது பலரிடம் பரவியிருக்கும். ஆகவே அரிப்பவருக்கு மட்டும் மருந்து என்றால் கதை முடியாது. டாக்டர் எழுதிக் கொடுத்த 5 சதவீதப் பெர்மெத்ரின் கிரீமை, அந்தப் பகுதியில் இருந்த முதியோர், ஆயாக்கள், நான் உட்பட எல்லோரும் ஒரே இரவில் பூசிக்கொண்டோம். நக இடுக்கு விடாமல், வயதானவர்களுக்குத் தலை, காதின் பின்புறம் உட்பட. காலையில் குளியல், படுக்கை விரிப்புகள் எல்லாம் வெந்நீரில். ஒரு வாரம் கழித்து மறுபடியும் அதே வேலை. உடம்பை விட்டு விழுந்த பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது, என்றாலும் துவைக்க முடியாதவற்றைப் பிளாஸ்டிக் பையில் ஒரு வாரம் கட்டி வைத்தோம். 15ஆம் அறைத் தாத்தா தினமும், “என் மஃப்ளர் இன்னும் ஜெயிலில்தானா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஆயாவை வேலையை விட்டு நிறுத்தச் சொன்னார் நிர்வாகி. எனக்கு வந்த கோபம் இப்போதும் ஆறவில்லை. அவரை நிறுத்தினால் அடுத்த முறை யார் கையை நீட்டிக் காட்டுவார்கள்? சம்பளத்தோடு விடுப்பு வாங்கிக் கொடுக்க இரண்டு நாள் வாதாட வேண்டியிருந்தது. என் வேலையில் பாதி இந்த வாதாட்டம்தான்.

இது நேற்று முளைத்த பதவியும் இல்லை. 1959இலேயே இங்கிலாந்தின் டார்க்கி நகரில் ஆஸ்பத்திரிக்கு இப்படியொரு நர்ஸை நியமித்தார்கள். அடுத்த முறை போகும்போது, “இந்த மாதம் எத்தனை பேருக்கு வயிற்றுப்போக்கு, எத்தனை பேருக்குப் படுக்கைப்புண்?” என்று உங்கள் இல்லத்து நர்ஸைக் கேளுங்கள். நோட்டைப் புரட்டிப் பதில் சொன்னால் கட்டணத்தைக் கொடுங்கள். சிரித்து மழுப்பினால் சண்டை போடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு யூரின் டியூப் போட்டு இரண்டு மாதம் ஆகிறது. சிறுநீர் கலங்கலாக இருந்ததால் கல்ச்சர் எடுக்க வைத்தேன். கிருமி இருப்பதாக முடிவு வந்தும், ஆன்டிபயாடிக் வேண்டாம் என்கிறார் இல்லத்து நர்ஸ். அலட்சியம் இல்லையா சிஸ்டர்? – ஒரு வாசகி, ஈரோடு

இல்லை அம்மா, அவர் சரியாகவே சொல்கிறார். டியூப் ஒரு மாதத்தைத் தாண்டினால் ஏறக்குறைய எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி இருக்கும். காய்ச்சல், குளிர் நடுக்கம், அடிவயிற்றிலோ விலாவிலோ வலி இருந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். முதியோருக்கு உடம்பு அதிகம் சுடாது. 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலே எங்களுக்கு அது காய்ச்சல்தான். இவை எதுவும் இல்லாமல் மாத்திரை கொடுத்தால், மருந்துக்கு அடங்காத கிருமியை நாமே வளர்க்கிறோம். குடலில் உள்ள நல்ல கிருமிகள் செத்து, ‘சி டிஃப்’ என்ற கிருமியால் பொல்லாத வயிற்றுப்போக்கும் வரலாம். அதன் வித்துகள் சானிடைசருக்குச் சாகாது. சோப்பும் தண்ணீரும்தான் கதி.

நீங்கள் பார்க்க வேண்டியது பையை. சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது அதைத் தூக்கி மடியில் வைக்கிறார்களா? வைத்தால், பையில் இருப்பது திரும்ப உள்ளே போகும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது. டியூப் இன்னும் தேவையா என்றும் டாக்டரிடம் கேளுங்கள். போட்டதை எடுக்க மறந்துபோன கதைகள் என் நோட்டில் நிறைய.

கேள்வி: பாட்டியைப் பார்க்கப் போகும்போது கையுறை போட்டுக்கொள்ளலாமா? – ஒரு மாணவி, கரூர்

வேண்டாம் கண்ணு. ஒரே ஜோடி கையுறையோடு நான்கு பேருக்கு உடம்பு துடைத்தவரைப் பார்த்தவள் நான். கையுறை போட்டதும் கை சுத்தம் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கையைக் கழுவினால் போதும். சளியோ இருமலோ இருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் பேசிக்கொள். மற்றபடி முறுக்கு கொண்டு போகலாம், பாட்டிக்குப் பல் இருந்தால்.