அப்பாவுக்கு டயாலிசிஸ், நான் படிப்பை விட்டுவிடட்டுமா?

தம்பி, இரண்டாம் வருடப் பொறியியலை நிறுத்திவிட்டு டெலிவரி வேலைக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். இந்த செமஸ்டர் முடியும்வரை படிப்பைப் பற்றி எந்த முடிவும் எடுக்காதே. அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்த மாதத்திலேயே நாலு வருடப் படிப்புக்கும் முடிவு கட்ட வேண்டியதில்லை.

முதலில் கணக்கைப் பார். அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கும் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் நீயே கூடப் போனால், ஐந்து நாள் கல்லூரியில் மிஞ்சுவது 40 சதவீத வருகை. தேவை 75. வாரத்தில் ஒரு நாள் மட்டும் போனால் 80 நிற்கும். மற்ற இரண்டு நாளை அம்மாவும் சித்தப்பாவும் பிரித்துக்கொள்ளட்டும். செவ்வாய், வியாழன், சனி வரிசையில் இடம் காலியானால் மாற்றித் தர முடியுமா என்று யூனிட்டில் கேட்டு வை. கிடைத்தால் சனிக்கிழமை உன்னுடையது, ஒரு வகுப்பும் போகாது.

"நான் பக்கத்தில் இல்லாதபோது ஏதாவது ஆகிவிட்டால்?" என்று எழுதியிருந்தாய். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் இது வருடக்கணக்கில் ஓடக்கூடிய சிகிச்சை. ஒரே ஆள் சுமந்தால் அந்த ஆளும் சீக்கிரமே படுத்துவிடுவார். அப்பாவுக்கு நீ கடைசிவரை தெம்பாக இருக்க வேண்டும் என்பதால்தான் பங்கு போடச் சொல்கிறேன்.

குழாயில் ரத்தம் ஓடுவதைப் பார்த்தால் கை நடுங்குகிறது என்கிறாய். யாருக்கும் நடுங்கும். டெக்னீஷியனிடம் கேள்: இன்று எவ்வளவு நீர் எடுக்கிறார்கள், டிரை வெயிட் (உடம்பில் கூடுதல் நீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடை) எவ்வளவு, பிரஷர் இறங்கினால் என்ன செய்வார்கள்? பிரஷர் இறங்குவதும் கால் பிடித்து இழுப்பதும் அங்கே அடிக்கடி நடப்பவை, உடனே கவனிப்பார்கள். இதெல்லாம் தெரிந்தால் பயம் முழுசாகப் போகாது, ஆனால் அந்த நாலு மணி நேரம் உட்கார முடியும்.

வீட்டிலும் உனக்கு ஒரு வேலை இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் பாசத்தில் இளநீரும் வாழைப்பழமும் கொண்டுவருவார்கள். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம், ரத்தத்தில் அது ஏறினால் இதயத்துக்கே ஆபத்து. பெரியவர்கள் மனம் நோகாமல் அதை எடுத்துச் சொல்வது உன் பொறுப்பாக இருக்கட்டும்.

பணத்துக்கு, முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று இன்றே பார். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வரும், டயாலிசிஸும் அதில் அடங்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் டயாலிசிஸ் செய்கிறார்கள். டெலிவரி வேலையெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

கடைசி வரியில், சிறுநீரகம் கொடுக்கலாமா என்று பாதியில் விட்டிருந்தாய். 18 வயது முடிந்த பிள்ளை தர சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் உனக்கு வயது 19தான், அவசரப்படாதே. சிறுநீரக மருத்துவரிடம் அப்பா, அம்மாவையும் வைத்துக்கொண்டு பேச வேண்டிய விஷயம் இது. மருத்துவமனை மூலம் உறுப்புக்குப் பதிந்து காத்திருக்கும் பட்டியலும் இருக்கிறது. ராத்திரி தனியாகப் படுத்துக்கொண்டு இதை முடிவு செய்யாதே. தூக்கம் வராமல் மனசு அடித்துக்கொண்டால் 14416-க்குக் கூப்பிடு. டெலி மானஸ் சேவை அது, இலவசம், தமிழில் பேசலாம்.

திங்கட்கிழமை உன் துறைத் தலைவரை (ஹெச்ஓடி) பார்த்து, டயாலிசிஸ் அட்டையின் நகலைக் கொடுத்து நிலைமையைச் சொல். ஒன்றிரண்டு அரியர் விழுந்தால் விழட்டும், எழுதிக்கொள்ளலாம். நிலைமை ரொம்பவே மோசமானாலும், படிப்பைத் தற்காலிகமாக நிறுத்திப் பிறகு தொடர அண்ணா பல்கலைக்கழக விதிகளில் வழி இருக்கிறது. அதற்கு முறையாக எழுதிக்கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். சொல்லாமல் நின்றுவிடாதே.