ஜாமீன் உத்தரவு வந்தும் சிறையில் இருக்கும் தம்பி: பிணைப் பத்திரம் பற்றிச் சில விளக்கங்கள்

கேள்வி: திருப்பூர் பனியன் கம்பெனியில் டைலராக வேலை செய்யும் என் தம்பி, ஓர் அடிதடி வழக்கில் கைதாகிக் கோவை மத்திய சிறையில் இருக்கிறான். ரூ.10,000 சொந்தப் பிணையும், அதே தொகைக்கு இரு நபர் ஜாமீனும் கொடுக்கச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவிட்டுப் பத்து நாட்கள் ஆகின்றன. பணம் கட்ட முடியும். ஆனால் கையெழுத்துப் போட்டால் நிலம் போய்விடும் என்று சொந்தக்காரர்கள் தயங்குகிறார்கள். ரூ.5,000 கொடுத்தால் ஆள் பிடித்துத் தருவதாக நீதிமன்றத்துக்கு வெளியே ஒருவர் சொல்கிறார். என்ன செய்வது? (வாசகி, காங்கேயம்)

பதில்: உத்தரவில் உள்ள ரூ.10,000 இப்போது கட்ட வேண்டிய பணம் அன்று. குறித்த நாட்களில் நீதிமன்றத்தில் முன்னிலையாவேன், தவறினால் இத்தொகையைச் செலுத்துவேன் என்று தங்கள் தம்பி எழுதித் தரும் உறுதிமொழியின் மதிப்பே அது. அவர் தவறினால் அதே அளவு தொகைக்குத் தாமும் பொறுப்பேற்பதாகப் பிணையாளர்கள் தனித்தனியே எழுதித் தருகிறார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 485 ஆவது பிரிவு இதைக் கூறுகிறது.

நிலம் போய்விடும் என்ற அச்சத்துக்கு வருவோம். பட்டாவையோ வீட்டு வரி ரசீதையோ நீதிமன்றம் கேட்பது, பிணையாளர் அத்தொகைக்குத் தகுதியுள்ளவரா என்று பார்ப்பதற்காகத்தான். பத்திரத்தில் கையெழுத்திடுவதால் நிலம் அடமானமாகிவிடாது. தம்பி தலைமறைவானால் நீதிமன்றம் முதலில் விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்பும். விளக்கம் ஏற்கப்படாவிட்டால்தான் பத்திரத்தில் எழுதிய தொகை தண்டமாக வசூலிக்கப்படும். அதிலும் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய நீதிபதிக்கு 491 ஆவது பிரிவு அதிகாரம் அளிக்கிறது. தண்டத்தைக் கட்டாமலும், வசூலிக்க வழியில்லாமலும் போனால் பிணையாளரை ஆறு மாதம் வரை சிவில் சிறையில் வைக்க இடமுண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இடையில் நம்பிக்கை குறைந்தால், தம்மை விடுவிக்கும்படி 489 ஆவது பிரிவின்கீழ் மனுச் செய்து பிணையாளர் விலகிக்கொள்ளலாம். கூட்டுறவுச் சங்கக் கடனுக்கு யோசிக்காமல் கையெழுத்திடும் நம் பக்கத்து மக்கள், அதைவிடக் குறைந்த ஆபத்துள்ள இந்தக் கையெழுத்துக்கு அஞ்சுவது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கும்.

ஒருவர் ரத்த உறவினராக இருக்க வேண்டும் என்று உத்தரவில் உள்ளதா என்பதை முதலில் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிணையாளர்கள் ஆதார் அட்டை, புகைப்படம், சொத்து ஆவணம் அல்லது உத்தரவில் கேட்கப்பட்ட சான்றுகளின் அசலுடன் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நேரில் வர வேண்டும். “இவரை உங்களுக்கு எப்படித் தெரியும், வேறு யாருக்காவது ஜாமீன் நின்றிருக்கிறீர்களா?” என்று நடுவர் கேட்பார், புகைப்படம் ஒட்டிய பத்திரத்தில் இடது கைப் பெருவிரல் ரேகையும் வாங்கப்படலாம். விடுதலை உத்தரவு மாலை அடைப்பு நேரத்துக்குள் கோவைச் சிறைக்குச் சென்று சேராவிட்டால் மறுநாள்தான் வெளியே வர முடியும் என்பதால், இவ்வேலையைக் காலையிலேயே முடிப்பது நல்லது.

ஆள் பிடித்துத் தருபவரை நாடாதீர்கள். அமெரிக்காவில் கட்டணம் வாங்கிக்கொண்டு பிணை நிற்பது பல மாநிலங்களில் சட்டபூர்வமான தொழில். இங்கே அப்படியொரு தொழிலுக்குச் சட்டத்தில் இடமில்லை. எத்தனை பேருக்குப் பிணை நின்றிருக்கிறார் என்பதை ஒவ்வொரு பிணையாளரும் 486 ஆவது பிரிவின்படி உறுதிமொழியாகத் தெரிவிக்க வேண்டும். முன்பின் தெரியாதவர் அங்கே பொய் சொல்லியோ போலி ரசீது காட்டியோ அகப்பட்டால், பிணையே ரத்தாகித் தம்பி மீண்டும் உள்ளே போக நேரிடும்.

உறவினர்கள் கடைசிவரை இசையாவிட்டாலும் வழியுண்டு. பத்திரத்துக்குப் பதிலாக ரொக்கமாகச் செலுத்த அனுமதி கோரி 490 ஆவது பிரிவின்கீழ் மனுச் செய்யலாம். பணம் இருப்பதாக நீங்கள் எழுதியிருப்பதால் முதலில் முயல வேண்டியது இதைத்தான். அனுமதிப்பது நீதிபதியின் விருப்புரிமை. அதே மனுவில், பிணையாளர் எண்ணிக்கையை ஒன்றாகக் குறைக்கவோ சொந்தப் பிணையில் மட்டும் விடவோ மாற்றாகக் கேட்கலாம். ரூ.10,000 பிணை கேட்கப்பட்டு, பிணை நிற்க வந்த சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்பதற்காக அவரது பிணை ஏற்கப்படாத ஒரு கொத்தனாரை, 1978 இல் மோதி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரூ.1,000 சொந்தப் பிணையில் விடச் சொன்னது. வழக்கறிஞர் இத்தீர்ப்பைச் சுட்டிக்காட்டலாம்.

உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31 அன்று பிறப்பித்த வழிகாட்டுதல்களின்படி, ஜாமீன் கிடைத்தவர் ஏழு நாட்களில் விடுதலையாகாவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். தங்கள் தம்பிக்கு அந்தக் கெடு கடந்துவிட்டது. எனவே திருப்பூர் ஆணைக்குழு அலுவலகத்துக்கு ஜாமீன் உத்தரவின் நகலுடன் நேரில் செல்லுங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் அழையுங்கள். காவலில் இருப்பவருக்கு வழக்கறிஞரை இலவசமாகவே அமர்த்தித் தருவார்கள். ஒரு மாதமாகியும் பிணைப் பத்திரம் கொடுக்க முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என்றும் அதே வழிகாட்டுதல் கூறுகிறது. ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

ரொக்கம் செலுத்த நேர்ந்தால் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். தம்பி வாய்தா தவறாமல் வந்து வழக்கு முடிந்த பின், அந்த ரசீதுடன் மனுச் செய்துதான் பணத்தைத் திரும்பப் பெற முடியும்.