தலையைத் திறக்காமல் மூளையின் மின் மூலத்தை எப்படிக் கண்டறிகிறார்கள்?

பசை தடவி உச்சந்தலையில் ஒட்டும் மின்வாய்கள், வலிப்பு மூளையின் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதை எப்படிக் காட்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அவை நேரடியாகக் காட்டுவதில்லை, கணித்தே அறிகிறார்கள்.

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயில் திருவிழாவில் வெளிவீதியில் நின்றபடி, மதிலுக்கு உள்ளே எந்த மூலையில் தவில் முழங்குகிறது என்று காதால் மட்டும் சொல்ல முயல்வதைப் போன்றது இது. தலைக்கு வெளியே அளக்கப்படும் ஒரே மின்னழுத்தப் பரம்பலை, உள்ளே எண்ணற்ற மின்னோட்ட அமைப்புகள் தோற்றுவிக்கலாம் என்பதை ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853இலேயே காட்டிவிட்டார். ஆகவே, மூலங்கள் சிலவே உள்ளன, அவை மூளையின் மேலடுக்கான புறணியில் மட்டுமே இருக்கின்றன என்பன போன்ற எடுகோள்களைச் சேர்த்து, எம்ஆர்ஐ படத்திலிருந்து அமைத்த தலை மாதிரியில் கணினி பொருத்தமான விடையைத் தேடுகிறது.

மண்டையோடு மின்சாரத்தை நன்கு கடத்தாததால் ஈஈஜியில், அதாவது உச்சந்தலை மின்வாய்களின் பதிவில், மின்னழுத்த வடிவம் மங்கிப் பரவுகிறது. மூளையின் மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப்புலத்தை மண்டையோடு அவ்வளவாகக் குலைப்பதில்லை; அந்தப் புலத்தைத் தலைக்கு வெளியே அளக்கும் எம்ஈஜியின் பலம் அதுவே. ஆனால் அப்புலம் பூமியின் காந்தப்புலத்தைவிடக் கோடிக்கணக்கான மடங்கு சிறியது என்பதால், காந்தக் கவசமிட்ட அறை வேண்டும். மேலும், மண்டையோட்டுக்குச் செங்குத்தான மின்னோட்டத்தை எம்ஈஜி ஏறத்தாழக் காணாது, ஈஈஜி காணும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே என் தெரிவு. கணினி கணித்துத் திரையில் காட்டும் வண்ணப் புள்ளியை மட்டும் நம்பி அறுவை செய்ய மாட்டார்கள். தேவையெனில் மூளைக்குள்ளேயே மின்வாய் செலுத்தி உறுதிசெய்வார்கள்.