மயக்க மருந்து அலர்ஜி என்று சொல்லிவிட்டார்கள். இனி ஆபரேஷனே செய்ய முடியாதா?

முடியும். எங்கள் அம்மாவுக்கு முடிந்தது. ஆனால் சேராதது எந்த மருந்து என்று பெயர் தெரிந்தாக வேண்டும்.

எங்களுக்குக் கொழிஞ்சாம்பாறை. வீட்டில் தமிழ், ஆஸ்பத்திரியில் மலையாளம். பாலக்காட்டுப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். உள்ளே போய் அரை மணி நேரம்கூட ஆகவில்லை, டாக்டர் வெளியே வந்து "தொடங்கவே இல்லை, நிறுத்திவிட்டோம்" என்றார். மயக்கம் கொடுத்த சில நிமிடங்களில் பிரஷர் விழுந்திருக்கிறது. போர்த்தியிருந்த பச்சைத் துணியை விலக்கிய பிறகுதான் நெஞ்செல்லாம் சிவந்திருந்தது தெரிந்ததாம். அட்ரினலின், பாட்டில் பாட்டிலாகச் சலைன். மறுநாள் ஐசியூவில் அம்மா கேட்ட முதல் கேள்வி, "கல்லை எடுத்தாச்சா?"

மயக்க டாக்டர் அன்றே டிரிப்டேஸ் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்திருந்தார். அலர்ஜி வந்தால் ரத்தத்தில் இந்த டிரிப்டேஸ் என்ற பொருள் ஏறி, சில மணி நேரத்தில் இறங்கிவிடும். அதனால் மறுநாளும் எடுத்து ஒப்பிட்டார்கள். அலர்ஜிதான் என்று உறுதியானது.

ஆனால் எதற்கு? ஓர் ஆபரேஷனில் தூங்க வைக்க, வலிக்கு, தசையைத் தளர்த்த, கிருமிக்கு என்று பல மருந்துகள் போகின்றன. தோலில் தடவும் கிருமிநாசினியான குளோர்ஹெக்சிடின்கூடச் சந்தேகத்துக்கு உரியதுதான். பிரிட்டனில் 2018ல் வந்த நாப்-6 ஆய்வின்படி, சுமார் 10,000 மயக்கத்தில் ஒன்றில் இப்படிக் கடுமையாக வருகிறது. காரணங்களில் முதலிடம் ஆன்டிபயாட்டிக்குக்கு, அடுத்து தசை தளர்த்திகள். தூங்க வைக்கும் மருந்தின் மேல்தான் எல்லோரும் பழி போடுகிறோம், பாவம்.

ஆறு வாரம் கழித்து, வேலந்தாவளம் வழியாகக் கோவைக்குப் போனோம், தோல் பரிசோதனைக்கு. ஜலதோஷத்துக்கு, அலர்ஜியை அடக்கும் செட்ரிசின் மாத்திரை போட்டிருந்ததால் முதல் முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டுமாம். அடுத்த முறை முன்னங்கையில் பேனாவால் எண் போட்டு ஒவ்வொரு மருந்தாகப் பார்த்தார்கள். ரோகுரோனியம் என்ற தசை தளர்த்தி போட்ட இடம் மட்டும் கொசு கடித்த மாதிரித் தடித்தது. ஒன்று சேராவிட்டால் அதே வகையில் இன்னொன்றும் சேராமல் போகலாம் என்பதால், மற்ற தசை தளர்த்திகளையும் சோதித்து, சேருகிற ஒன்றைக் குறித்துக் கொடுத்தார்கள். அப்புறம் கல் வெளியே வந்தது, எந்தச் சிக்கலும் இல்லை.

நீங்கள் முதலில் அந்த ஆபரேஷனின் மயக்கக் குறிப்புத் தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எந்த மருந்து எத்தனை மணிக்குப் போனது என்று அதில் இருக்கும். அது இல்லாமல் அலர்ஜி டாக்டரிடம் போனால் இருட்டில் தேடுகிற கதைதான்.

அம்மாவின் சுருக்குப்பையில் மருந்தின் பெயர் எழுதிய அட்டை இருக்கிறது. எந்த ஆஸ்பத்திரியிலும் நர்ஸ் "அலர்ஜி உண்டோ அம்மே?" என்றால் அதை நீட்டிவிட்டு, "கத்தரிக்காயும் எழுதிக்கோ கண்ணு, அரிக்கும்" என்பார்.