தினமும் வேதம் வாசித்தும் மனதில் மகிழ்ச்சி இல்லையே, ஏன்?

ஓராண்டுத் திட்டம் போட்டு வேதாகமத்தை முழுவதும் வாசித்து முடித்துவிட்டதாகவும், அப்படியும் சங்கீதக்காரன் சொன்ன பாக்கியம் உங்களுக்குக் கிடைக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒன்று உண்மையில் உண்டா என்று கேட்கிறீர்கள். உண்டு. சுனாமியில் தாயைப் பறிகொடுத்த மட்டக்களப்புக்காரி சொல்கிறேன், உண்டு.

வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். ஓராண்டில் முடிக்க நாளுக்கு மூன்றுக்கு மேல் வாசிக்க வேண்டும். நீங்களும் வேலைக்குப் போகிறவர் என்றுதான் நினைக்கிறேன். காலையில் பிள்ளைகளை அனுப்பி, பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் மூன்று அதிகாரம் வாசிக்கிறவருக்கு ஒரு வசனத்தில் தரித்து நிற்க எங்கே நேரம்? வாசித்தது வீண் என்று சொல்லவில்லை. ஆனால் முதலாம் சங்கீதம் பாக்கியவான் என்று சொல்வது "இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற" மனுஷனை. அங்கே முடிப்பதைப் பற்றிய பேச்சே இல்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊரான பெரியகல்லாற்றில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. எங்கள் வீடு கடல் பக்கம். நானும் அம்மம்மாவும் ஆராதனைக்குப் புறப்பட்டுப் போயிருந்தோம், அம்மா வீட்டில் இருந்தார். அந்தக் காலையைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

பிறகு வாவிக்கு அக்கரையில், படுவான்கரைப் பக்கம் ஒரு பாடசாலையில் முகாம். பார்க்க வந்தவர்கள், "ஒரு நோக்கத்தோடுதான் ஆண்டவர் உன்னைக் காப்பாற்றியிருக்கிறார்" என்றார்கள். அப்படியென்றால் அம்மாவை? நல்ல மனதோடுதான் சொன்னார்கள், ஆனாலும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

எங்கள் வேதாகமம் வீட்டோடு போய்விட்டது. அம்மம்மாவுக்குச் சங்கீதங்கள் மனப்பாடம். சிறுபிள்ளையில் ஞாயிறு பாடசாலையில் ஒப்புவித்துப் பரிசு வாங்கியவர். வகுப்பறைத் தரையில் பாயைப் போட்டுப் படுத்தபடி 42ஆம் சங்கீதத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பார். "உமது அலைகளும் திரைகளும் எல்லாம் என்மேல் புரண்டுபோகிறது" என்ற இடம் வந்ததும் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அலை என்ற சொல்லையே அப்போது என்னால் கேட்க முடியாது. அவர் நிறுத்தவில்லை. இரவுக்கு இரவு கேட்கக் கேட்க எனக்கு ஒன்று பட்டது. இந்த மனுஷன் "உமது அலைகள்" என்று தேவனுடைய முகத்துக்கு நேரே சொல்கிறான். "ஏன் என்னை மறந்தீர்?" என்றும் கேட்கிறான். அப்படிக் கேட்டதற்காக அவனை யாரும் தள்ளி வைக்கவில்லை, அவன் முறைப்பாட்டை வேதத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படியானால் என் கோபத்தையும் நான் அவரிடமே கொண்டுபோகலாம். அம்மா போன பிறகு எனக்கு மூச்சு சீராக வந்தது அன்றுதான்.

"என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" என்ற கேள்வி 42இல் இரண்டு தரம் வருகிறது, 43இல் மறுபடியும் ஒரு தரம். எதற்கு இப்படித் திரும்பத் திரும்பக் கேட்கிறான் என்று அம்மம்மாவிடம் கேட்டேன். "ஒரு தரம் சொன்னா நெஞ்சு கேக்குமா மனே?" என்றார். தண்ணீர்ப் பவுசருக்கு வரிசையில் நிற்கும்போதும், நிவாரண அரிசியில் கல் பொறுக்கும்போதும் அவர் வாயில் அந்த வசனம்தான்.

அம்மா இல்லாத துக்கம் இன்றைக்கும் இருக்கிறது, மகிழ்ச்சியும் கூடவே இருக்கிறது. கைதட்டிப் பாடுகிற நேரத்து உற்சாகத்தைச் சொல்லவில்லை. நான் சண்டை போட்டாலும் எழுந்து போகாத ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்ற நிறைவு அது. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துப் பிள்ளைகளும் பெரியவர்களும் செத்தபோது, எங்கள் வீட்டில் 88ஆம் சங்கீதத்தை எடுத்தோம். கடைசி வரி வரைக்கும் ஆறுதலே இல்லாத சங்கீதம். அந்த வாரத்துக்கு அதுதான் உண்மையாக இருந்தது.

மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள். வைத்தியரும் வேண்டும், வேதமும் வேண்டும். செபமாலை சொல்லித் தியானிக்கிற என் கத்தோலிக்க உறவுகளையும் நான் குறை சொல்ல வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஞாயிற்றுக்கிழமை காலை ரியூசன் வைக்கிறவர்களே, பிள்ளைகளை விடுங்கள். 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்து பாடசாலை தொடங்கினார். எழுத்தும் வேதமும் எங்கள் முன்னோருக்கு ஒன்றாகத்தான் கிடைத்தன. இப்போது புலமைப்பரிசில் பரீட்சை, ஓ.எல். பரீட்சை என்று சொல்லி ஞாயிறு பாடசாலையின் வாங்குகள் வெறுமையாகக் கிடக்கின்றன. கல்விக்கு எதிரி என்று என்னைச் சொல்ல வேண்டாம், நானும் ஆசிரியைதான். ஆனால் எல்லாம் போன அன்று அம்மம்மாவிடம் இருந்தது அவர் மனப்பாடம் செய்தது மட்டும்தான். இந்தப் பிள்ளைகளிடம் அப்படி ஒரு நாளில் என்ன இருக்கும்?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். திட்டத்தைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். 42ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். எந்த வசனம் உங்களை உறுத்துகிறதோ அதை மனப்பாடம் செய்து, பஸ்ஸிலும் அடுப்படியிலும் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருங்கள். கோபம் வந்தால் அதையும் அவரிடமே சொல்லுங்கள். ஒரு வாரம் போதாவிட்டால் அடுத்த வாரமும் அதே வசனம்தான். 43க்குப் போக அவசரம் வேண்டாம்.